தீபாவளி முதல் பொங்கல் வரை: உங்க பாட்டை ரசிகருக்கு விற்கும் முன் போட வேண்டிய கணக்கு

பகலில் ஐடி கம்பெனி, பேங்க், பிபிஓன்னு ஏதோ ஒரு வேலை. ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டி சொந்தமா பாட்டு. இப்படி இரட்டை வாழ்க்கை வாழ்றவங்க நம்ம சேனல் பார்க்கிறவங்களில் நிறைய பேர் இருக்கீங்க. உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பாட்டு எழுதாதவங்களும் படிக்கலாம். கைவினை நகை, ஓவியம், கேக்னு சைடுல எதை வித்தாலும் இதில் முக்கால்வாசி கணக்கு அப்படியே பொருந்தும்.

முதலில் ஸ்ட்ரீமிங் மேல இருக்கிற நம்பிக்கையைக் கொஞ்சம் ஓரமா வைங்க. 2024-லேர்ந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாசத்தில் குறைஞ்சது 1,000 தடவை கேட்கப்பட்டிருந்தால்தான் ராயல்டி கணக்கிலேயே சேரும். அதைத் தாண்டினாலும் கைக்கு வர்றது டீச் செலவுக்குத்தான் காணும். வியூஸ் வேற, பணம் வேற. உலகமே கேட்ட 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டுக்கே தனக்கு வருமானம் எதுவும் வந்து சேரலைன்னு சந்தோஷ் நாராயணன் 2024-ல் வீடியோ போட்டுச் சொன்னார். அப்போ சுயாதீனக் கலைஞருக்குக் காசு எங்கேயிருந்து வரும்? உங்க பாட்டை ஏற்கெனவே பிடிச்சுப்போன நூறு இருநூறு பேர் நேரடியா உங்ககிட்ட வாங்குறதுலேர்ந்து. அவங்க வாங்குற மனநிலையில் இருக்கிற காலம்தான் தீபாவளியில் தொடங்கி, மார்கழி வழியா, பொங்கல் வரைக்கும்.

பண்டிகையில் யார் வாங்குறாங்க?

சாதாரண நாளில் உங்க ரசிகர் தனக்காக வாங்குவார். பண்டிகைக் காலத்தில் அடுத்தவருக்காக வாங்குவார். தம்பிக்கு, ரூம்மேட்டுக்கு, ஆபீஸில் குலுக்கல் போட்டு ரகசியமா கிஃப்ட் கொடுக்கிறாங்களே, அதுக்கு. அதனால "எங்க ஆல்பத்தை சப்போர்ட் பண்ணுங்க"ங்கிற வேண்டுகோளை விட "உங்க ஃப்ரெண்டுக்கு 500 ரூபாய்க்குள்ள ஒரு கிஃப்ட்"ங்கிற போஸ்ட் நல்லா வேலை செய்யும். பரிசு வாங்குறவருக்கு உங்க இசைப் பயணமெல்லாம் இரண்டாம்பட்சம். அது 500 ரூபாய்க்குள்ள இருக்கா, நாளைக்குள்ள வந்துடுமா, பேக்கிங் பார்க்க நல்லா இருக்குமா. அவ்வளவுதான் அவர் பார்ப்பார்.

உங்க ரசிகரும் பெரும்பாலும் உங்களை மாதிரி சம்பளக்காரர்தான். போனஸ் எப்ப வரும், மாசக் கடைசியில் பர்ஸ் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். 25-ஆம் தேதி ஆர்டர் திறக்காதீங்க. ஒண்ணாம் தேதியிலிருந்து ஏழாம் தேதிக்குள்ள திறங்க.

தேதியைப் பின்னாலேர்ந்து எண்ணிப் பாருங்க. 2026-ல் தீபாவளி நவம்பர் 8. பார்சல் நவம்பர் 4-க்குள்ள ரசிகர் கையில் இருக்கணும். கூரியருக்கு ஒரு வாரம் விடுங்க, ஏன்னா அது வடகிழக்குப் பருவமழைக் காலம், கூடவே பண்டிகை நெரிசல். அப்போ அக்டோபர் 27-க்குள்ள அனுப்பியாகணும். டீ-ஷர்ட் திருப்பூரில் பிரிண்ட் ஆகி வர 10–12 நாள். தீபாவளிக்கு முன்னாடி அங்கே எல்லா யூனிட்டும் பெரிய ஆர்டர்களில் மூழ்கியிருக்கும், தீபாவளியை ஒட்டித் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்பிடுவாங்க. உங்க 80 பீஸ் ஆர்டர் அவங்களுக்குக் கடைசி வரிசை. எனவே அக்டோபர் 12 வாக்கில் ஆர்டர் மூடணும், அக்டோபர் 1-ல் திறக்கணும், டிசைன் செப்டம்பரிலேயே முடிஞ்சிருக்கணும். இதைத் தவறவிட்டால் அவசரப்படாதீங்க. தீபாவளியை விட்டுட்டு மார்கழிக்குப் போங்க. தீபாவளி முடிஞ்ச மறுவாரம் வந்து சேர்ற தீபாவளி டீ-ஷர்ட்டுக்கு ரசிகர்கிட்ட பதில் சொல்றது ரொம்பக் கஷ்டம்.

நூறு டீ-ஷர்ட், ஒரு கால்குலேட்டர்

இனி நம்ம ஏரியா. இது உதாரணக் கணக்குதான். உங்க விலைகளைப் போட்டு நீங்களே ஒருமுறை பண்ணிப் பாருங்க.

100 டீ-ஷர்ட் அடிக்கிறீங்க. துணியும் பிரிண்டும் சேர்த்து ஒண்ணுக்கு ரூ.260, ஆக ரூ.26,000. டிசைனருக்கு ரூ.6,000, சாம்பிள் பீஸ்களுக்கு ரூ.1,500. விற்பனைக்கு முன்னாடியே பையிலிருந்து போனது ரூ.33,500. விலை ரூ.599, கூரியர் இலவசம். ஒவ்வொண்ணு விற்கும்போதும் கூரியர் 70, கவர் 15, பேமென்ட் கேட்வே கமிஷன் 14, ஸ்டிக்கர் 5, மொத்தம் 104 போகும். மீதி ரூ.495.

33,500-ஐ 495-ஆல் வகுத்தால் 67.7. அதாவது 68-ஆவது டீ-ஷர்ட் வித்த பிறகுதான் உங்க முதல் ரூபாய் லாபம். நூறும் வித்தால் லாபம் ரூ.16,000. எழுபது வித்தால் ரூ.1,150! மீதி 30 டீ-ஷர்ட் கட்டிலுக்குக் கீழே. அதுவும் பெரும்பாலும் எஸ் சைஸும் டபுள் எக்ஸ்எல்லும்தான் மிஞ்சும், எம்மும் எல்லும் முதல் நாளே தீர்ந்திருக்கும்.

இப்போ "தீபாவளி ஆஃபர் 20%" போடுறீங்க. விலை ரூ.479 ஆகுது. ஒண்ணுக்கு மிஞ்சுறது சுமார் ரூ.378. பிரேக்-ஈவன் 68-லேர்ந்து 89-க்குத் தாவுது. 20 சதவீதம் விலை குறைச்சதுக்கு 21 டீ-ஷர்ட் கூடுதலா விற்கணும், அதுவும் அசலை எடுக்க மட்டும். பெரிய ஆன்லைன் கடைகள் தள்ளுபடி கொடுக்கிறாங்கன்னு நாமும் கொடுக்கணும்னு இல்லை. அவங்ககிட்ட கிடைக்கிறதே உங்ககிட்டயும் கிடைச்சால்தான் ஆள் விலையை ஒப்பிடுவான். உங்க பாட்டு உங்ககிட்ட மட்டும்தானே கிடைக்கும்? விலையைக் குறைக்காம, கூட ஏதாவது சேருங்க. கையால எழுதின பாட்டு வரி, பெயர் சொல்லி அனுப்புற 20 நொடி வாய்ஸ் நோட். இதுக்குச் செலவு உங்க நேரம் மட்டும்தான். ரசிகருக்கும் அதுதான் பிடிக்கும்.

இன்னொரு வழி, முன்பதிவு. பணம் வாங்கிட்டு அப்புறம் அடிக்கிறது. 70 ஆர்டர் வந்திருக்கு, சேதாரத்துக்கு 5 கூட்டி 75 அடிக்கிறீங்க. குறைவா அடிக்கிறதால விலை 275 ஆகுதுன்னு வைங்க, ரூ.20,625. அதே 70 விற்பனைக்கு இப்போ லாபம் ரூ.6,525. சரக்கு தேங்கலை, கையை விட்டுப் பணம் போடலை, சைஸ் குழப்பமும் இல்லை. முதல் தடவை விற்கிறவங்க எல்லாருக்கும் என் பரிந்துரை இதுதான். கிரெடிட் கார்டை உரசி 100 டீ-ஷர்ட் அடிக்காதீங்க. 3 சதவீதத்துக்குக் கிட்ட மாச வட்டி கட்டிக்கிட்டு ஸ்டாக் வச்சிருக்கிற வியாபாரம் எதுவும் உருப்பட்டு நான் பார்க்கலை.

கேஷ் ஆன் டெலிவரி வேண்டவே வேண்டாம். பார்சல் திரும்பி வந்தால் போகிற கூரியர், வருகிற கூரியர் ரெண்டும் உங்க தலையில்.

மார்கழியில் ஒரு மேஜை

சபா வாசலில் மேஜை போட்டு கேசட், சிடி வித்த காலம் சென்னைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மேஜைதான் இன்னமும் லாபமான கடை. 2020-ல் தொடங்கின 'மார்கழியில் மக்களிசை' மாதிரி மேடைகள் வந்த பிறகு, மார்கழி கர்நாடக சங்கீதத்துக்கு மட்டும்னு இல்லை. கானா, ராப், நாட்டுப்புறம் எல்லாத்துக்கும் இந்த மாசம் கூட்டம் இருக்கு. பாட்டு கேட்டு முடிச்சு அந்த உணர்ச்சியோட வெளியே வர்ற பத்து நிமிஷம்தான் உங்க விற்பனை நேரம். அங்கே கூரியர் 70 ரூபாய் மிச்சம். யுபிஐ க்யூஆர் வச்சால் கேட்வே 14 ரூபாயும் மிச்சம், ஏன்னா 2020 ஜனவரியிலிருந்து வியாபாரிக்குச் செலுத்துற சாதாரண யுபிஐ பணத்துக்குக் கமிஷன் கிடையாது. அதே ரூ.599-ல் 84 ரூபாய் கூடுதல் லாபம். நிகழ்ச்சி அமைப்பாளர்கிட்ட மேஜை போட அனுமதியை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிடுங்க. சில இடத்தில் விற்பனையில் பங்கு கேட்பாங்க.

வெளிநாட்டு ரசிகர்கள் இருந்தால் பேண்ட்கேம்ப் நல்ல இடம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும், டீ-ஷர்ட் மாதிரி பொருளில் 10 சதவீதமும் அவங்க கமிஷன். 'பேண்ட்கேம்ப் வெள்ளி'ன்னு குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கமிஷனையும் விட்டுக்கொடுக்கிறாங்க. கோவிட் தொடங்கின 2020 மார்ச்சில் ஆரம்பிச்ச வழக்கம் அது. ஆனால் அங்கே பணம் பேபால் வழியாத்தான் வரும். 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் இந்தியாவுக்குள்ளேயான பரிமாற்றத்தை நிறுத்திடுச்சு. அதனால அது டொரன்டோ, லண்டன், சிங்கப்பூர் ரசிகருக்கான கடை. தாம்பரம் ரசிகருக்கு யுபிஐதான்.

எதை விற்கிறதுன்னாலும் உங்களுடையதை மட்டும் வில்லுங்க. பிரபல சினிமாப் பாட்டு வரியை டீ-ஷர்ட்டில் போட்டால் நல்லா ஓடும், உண்மைதான். அந்த வரி உங்க சொத்து இல்லை. நோட்டீஸ் வந்தால் மொத்த சீசன் லாபமும் வக்கீல் ஃபீஸுக்குப் போயிடும்.

பெங்களூருக்கு ஒரு பார்சல்

இதைக் கவனமா படிங்க. நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம்.

"ஜிஎஸ்டி எல்லாம் 40 லட்சத்துக்கு மேலதானே சார்?" எல்லாரும் சொல்ற பதில் இதுதான். தமிழ்நாட்டுக்குள்ள பொருள் மட்டும் வித்தால் 40 லட்சம் சரி. சேவையும் சேர்ந்தால், அதாவது கச்சேரி ஃபீஸ், ஆன்லைன் கிட்டார் கிளாஸ் எல்லாம் இருந்தால், வரம்பு 20 லட்சம். ஆனால் வரி விதிக்கப்படுற பொருளை வேற மாநிலத்துக்கு விற்கிற நொடியில் வரம்பே கிடையாது. சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. டீ-ஷர்ட்டுக்கு இல்லை. சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஒரே ஒரு டீ-ஷர்ட் வித்து அனுப்பினாலும் சட்டப்படி ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

சின்ன ஆளை யார் கேட்கப்போறாங்கன்னு தோணும். 2025 ஜூலையில் கர்நாடகாவில் யுபிஐ வரவை வச்சே பேக்கரி, டீக்கடைகளுக்கெல்லாம் நோட்டீஸ் போச்சு. பெரிய தொகை வாங்கினவங்கதான் அவங்க, ஆனால் தகவல் எங்கேயிருந்து வந்ததுங்கிறதைக் கவனிங்க.

என்ன பண்ணலாம்? எளிமையான வழி, சரக்கைத் தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் அனுப்புறேன்னு தெளிவா போட்டுடுறது. வெளிமாநில ரசிகருக்கு டிஜிட்டல் வில்லுங்க. பாட்டு டவுன்லோட், ஆன்லைன் கச்சேரி டிக்கெட், பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டு இதெல்லாம் சேவைக் கணக்கில் வரும். சேவையை மாநிலம் தாண்டி வித்தாலும் 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. இன்னொரு வழி, ஆர்டர் வர வர அச்சடிச்சு அனுப்புற நிறுவனம் ஒண்ணை விற்பனையாளரா வச்சுட்டு, உங்க டிசைனுக்கு நீங்க ராயல்டி மட்டும் வாங்குறது. பில் அவங்க பெயரில், ஜிஎஸ்டி அவங்க தலைவலி. ஒரு டீ-ஷர்ட்டுக்கு உங்க பங்கு குறையும்தான், நிம்மதி கூடும். ஒப்பந்தத்தில் விற்பனையாளர் யாருன்னு மட்டும் பார்த்துக்கோங்க. சில தளங்களில் அச்சடிக்கிறது மட்டும் அவங்க, விற்பனையாளர் நீங்கதான்.

மாதம் நூறு ஆர்டர் வெளிமாநிலம் போகுதுன்னா பதிவு எடுத்துடுங்க. ரூ.2,500 வரையான ஆடைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான். ரூ.599-க்குள்ளேயே சேர்த்துப் பார்த்தால் சுமார் 28 ரூபாய் 50 காசு. வலி வரியில் இல்லை, ரிட்டர்னில்தான். விற்பனையே இல்லாத காலத்துக்கும் தாக்கல் பண்ணணும், தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.20 தாமதக் கட்டணம் ஓடும், விற்பனை இருந்தால் ரூ.50. பொங்கல் முடிஞ்சு மறந்துட்டீங்கன்னா அது பாட்டுக்கு ஏறும். காம்போசிஷன் திட்டத்தில் போகலாம்னு யாராவது சொன்னால், அதில் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்க முடியாதுன்னு ஞாபகம் வைங்க.

சம்பளக்காரருக்கு மட்டும் இருக்கிற பொறி

விற்பனை லாபம் உங்க சம்பளத்தோட சேர்ந்து வரிக்கு வரும். சம்பளம் வருஷம் 9 லட்சம், சைடு லாபம் 50,000-ன்னா புதிய முறையில் கவலை இல்லை, மொத்தம் 12 லட்சத்துக்குள்ள இருந்தால் வரி பூஜ்யம். சிக்கல் 12.75 லட்சம் சம்பளக்காரருக்கு. 75,000 நிலைக்கழிவு போக சரியா 12 லட்சம், வரி இல்லைன்னு சந்தோஷமா இருக்கீங்க. டீ-ஷர்ட்டில் 40,000 லாபம் வருது. இப்போ வருமானம் 12.4 லட்சம். சாதாரணக் கணக்கில் வரி 66,000. விளிம்பு நிவாரணம்னு ஒண்ணு இருக்கு, அது 12 லட்சத்துக்கு மேல போன தொகைக்குள்ள வரியைக் கட்டுப்படுத்தும். அதாவது 40,000. அதுக்கு மேல 4 சதவீதம் செஸ். மொத்தம் ரூ.41,600. மூணு மாசம் தூக்கம் கெட்டு டீ-ஷர்ட் மடிச்சதுக்கு உங்க கையிலிருந்து 1,600 ரூபாய் போகுது!

லாபம் ஒரு லட்சம்னா வரியும் செஸ்ஸும் 78,000, மிச்சம் 22,000. இந்த எல்லைக்கோட்டில் இருக்கிறவங்க விற்பனையைத் திட்டமிடும் முன்னாடி ஹெச்ஆர்கிட்ட ஒண்ணு கேளுங்க: சம்பளத்தின் ஒரு பகுதியை நிறுவனப் பங்களிப்பா என்பிஎஸ்ஸில் மாத்த முடியுமா? அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் கழிவு உண்டு. அடிப்படை 6 லட்சம்னா 84,000. மேலே சொன்ன ஒரு லட்சம் லாபக்காரருக்கு வருமானம் 12.16 லட்சமா இறங்கி, வரி செஸ்ஸோட ரூ.16,640 ஆகும். அந்தப் பணம் ஓய்வுக்காலம் வரை பூட்டப்படும். அதுக்கு மனசு இருந்தால் மட்டும் பண்ணுங்க.

பழைய வரிமுறையில் இருக்கிறவங்களுக்கு வேற எச்சரிக்கை. வெறும் சம்பளக்காரர் வருஷா வருஷம் முறையை மாத்திக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டால் அந்தச் சுதந்திரம் போயிடும். பழைய முறைக்குத் தனிப் படிவம் கொடுத்துப் போகணும், அதிலிருந்து புதிய முறைக்குத் திரும்பிட்டால் தொழில் வருமானம் இருக்கிற வரை மறுபடி பழையதுக்கு வர முடியாது. வீட்டுக்கடன் வட்டி கட்டிக்கிட்டு இருக்கிறவங்க இதை யோசிக்காம ஐடிஆர்-ல் டிக் அடிக்காதீங்க.

ஐடிஆர்-1 இனி உங்களுக்கு ஆகாது. செலவுக் கணக்கெல்லாம் காட்டி உண்மையான லாபத்தைப் போட ஐடிஆர்-3. அனுமான முறையில், அதாவது நாம பழகின 44ஏடி-யில் போனால் ஐடிஆர்-4 (புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேற). டிஜிட்டலா வந்த விற்பனையில் குறைஞ்சது 6 சதவீதம் லாபம்னு காட்டுற வழி அது. உண்மையான லாபம் அதைவிட அதிகம்னா அதிகத்தையே காட்டுங்க. கேட்க சுலபமா இருக்கும். ஆனால் இந்த வருஷம் அதில் நுழைஞ்சு, அடுத்த ஐந்து வருஷத்துக்குள்ள ஒரு வருஷம் நஷ்டம்னு காட்டினால், சம்பளத்தால உங்க வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டியிருக்கிறதால ஆடிட் வரைக்கும் போகும். இசை வியாபாரத்தில் ஒரு வருஷம் போல இன்னொரு வருஷம் இருக்காது. அதனால சின்ன அளவில் விற்கிறவங்களுக்கு ஐடிஆர்-3-யும் ஒழுங்கான செலவுக் கணக்கும்தான் என் தேர்வு. அப்புறம், நஷ்டம் வந்தால் சம்பளத்தில் கழிச்சு டிடிஎஸ் ரீஃபண்ட் வாங்கலாம்னு கனவு காணாதீங்க. தொழில் நஷ்டத்தைச் சம்பளத்தோட ஈடுகட்ட முடியாது. உரிய தேதிக்குள்ள தாக்கல் பண்ணினால் எட்டு வருஷம் வரை தொழில் லாபத்தோட மட்டும் கழிச்சுக்கலாம்.

பேண்டா இருந்தால் ஒண்ணு. நாலு பேர் வாசிக்கிறீங்க, க்யூஆர் டிரம்மருடையது. சீசன் முடிஞ்சு அவர் அக்கவுன்ட்டில் மூணு லட்சம். வரித்துறை கண்ணுக்கு அது டிரம்மரின் வருமானம். யார் பெயரில் விற்பனை, மத்தவங்களுக்கு எவ்வளவு, எதுக்காகன்னு ஒரு பக்கத்தில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்க. பங்கை ரொக்கமா கொடுக்காம அக்கவுன்ட் வழியா அனுப்புங்க. விற்பனைக்குன்னு தனி அக்கவுன்ட் இருக்கட்டும், சம்பள அக்கவுன்ட் க்யூஆரை மேஜையில் வைக்காதீங்க. ரசிகர் அனுப்பின 599-க்கும் அம்மா அனுப்பின 5,000-க்கும் வித்தியாசம் சொல்ல வேண்டிய நிலை வேண்டாம்.

இதையெல்லாம் தொடங்கும் முன்னாடி உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து 'வேறு வேலை' பத்தின பத்தியைப் படிங்க. 2022-ல் விப்ரோ 300 பேரை வேலையை விட்டு எடுத்தது போட்டி நிறுவனத்துக்கு வேலை பார்த்ததுக்காக. டீ-ஷர்ட் விற்கிறது அந்த ரகம் இல்லை. ஆனாலும் சில ஒப்பந்தங்களில் எந்த வருமானத்துக்கும் எழுத்துபூர்வ அனுமதி கேட்டிருப்பாங்க. நீங்க உருவாக்குற எல்லாப் படைப்பும் நிறுவனத்துக்கேன்னு எழுதியிருக்கிற ஒப்பந்தமும் உண்டு. அப்படி இருந்தால் பாட்டுக்கு விலக்கு கேட்டு ஒரு மெயில் போட்டு, பதிலைச் சேமிச்சு வைங்க. அரசு வேலையில் இருக்கிறவங்க நடத்தை விதிகள்படி அனுமதி வாங்காம இறங்கவே கூடாது.

பொங்கல் விற்பனை முடியுற ஜனவரியில்தான் ஆபீஸில் முதலீட்டுச் சான்று கேட்டு மெயில் வரும். அதே சமயத்தில் சீசன் லாபத்தை 'பிற வருமானம்'னு நிறுவனத்துக்குத் தெரிவிச்சால், பிப்ரவரி, மார்ச் சம்பளத்திலேயே அதுக்கான வரியையும் பிடிச்சுக்குவாங்க. தெரிவிக்க விருப்பம் இல்லைன்னா, டிடிஎஸ் போக கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல இருந்தால், மார்ச் 15-க்குள்ள நீங்களே அட்வான்ஸ் டாக்ஸா கட்டிடுங்க. சீசன் வரவு முழுக்க டிசம்பர் 15-க்கு அப்புறம் வந்திருந்தால், முந்தைய தவணைகளுக்கு அந்த லாபத்தை முன்கூட்டியே கணிச்சிருக்க முடியாதேன்னு கேட்பீங்க. புதுசா தொடங்கின தொழிலில் முதல்முறையா வந்த வருமானம்னா அதுக்கு விலக்கு உண்டு, மீதித் தவணையில் கட்டினால் போதும். ரெண்டாவது வருஷத்திலிருந்து அந்தச் சலுகை கிடையாது. அப்போ தீபாவளி விற்பனைக் கணக்கை டிசம்பர் 15-க்குள்ள முடிச்சு, அந்தத் தவணையிலேயே கொஞ்சம் கட்டிடுங்க.